பி.எஸ்சி. வேதியியல் மாணவர் கையில் யுவி, ஐஆர், என்எம்ஆர்: முதல்முறை ஏற்பாடு செய்யும் ஆசிரியருக்கு

ஆசிரியராகக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வருடம், இறுதியாண்டு மாணவர்கள் தயாரித்த ஆஸ்பிரினை என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காணும் சோதனை) எடுக்க வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அது மார்ச் இரண்டாம் வாரம். முடிவு வந்தபோது ஏப்ரல் கடைசி. வைவா முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வந்த தாளில் ஆஸ்பிரினைவிட எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானின் சிகரங்கள்தான் உயரமாக நின்றன. மாதிரியைச் சரியாக உலர்த்தாமல் அனுப்பியது என் தவறு. மூலத் தரவைக் கேட்டு வாங்காததால் திரும்ப அலசிப் பார்க்கவும் வழியில்லை. பணம் போயிற்று. மாணவர்களுக்கு ஒரு பிடிஎஃப் தாள்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டேன். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண கலை அறிவியல் கல்லூரியில், பெரிய ஆய்வு நிதி எதுவும் இல்லாமல், யுவி, ஐஆர், என்எம்ஆர் போன்ற கருவிச் சோதனைகளை மாணவர் கைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று வரிசையாக எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்காக எழுதினாலும், புராஜெக்ட் செய்யும் மாணவர்களும் 4-ஆம் படியிலிருந்து அப்படியே பயன்படுத்தலாம்.

1. பூட்டிய அறையை முதலில் திறவுங்கள்

வெளியே அனுப்புவதைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் துறையிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு திட்டத்தில் வாங்கிய யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டரோ (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது) எஃப்டிஐஆரோ (அகச்சிவப்பு ஒளியால் வேதித் தொகுதிகளைக் காட்டும் ஐஆர் கருவி) ஏசி அறையில் துணி மூடி இருக்கும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வரும்போது மட்டும் திறக்கும் அறை அது. பழுதாகிவிடும் என்ற பயத்தில் மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கருவி பழுதாகும் என்பதைத் துறைத்தலைவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

செமஸ்டர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

யுவியில் புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு எரிகிறதா? அதன் ஆயுள் பொதுவாக ஆயிரம் மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் மட்டும் அளக்கும் நாட்களில் அந்த விளக்கை அணைத்து வைத்தால் ஆயுள் நீளும். மாற்று விளக்குக்கு கொட்டேஷன் வாங்கி, கல்லூரி அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று, பொருள் வந்து சேர ஒன்றரை இரண்டு மாதம் ஆகலாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன்.

எஃப்டிஐஆரில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா? நீலம் இளஞ்சிவப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். கருவிக்குள் ஒளியைப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடில் ஆனது; ஈரம் பட்டால் மங்கிப்போகும், அதை மாற்றுவது பெரிய செலவு. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இதை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

கரைசலை ஊற்றி அளக்கும் சிறு பாத்திரங்களான குவெட்டுகளையும் சரிபாருங்கள். கண்ணாடி குவெட் சுமார் 340 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. பாராசிட்டமாலை 243 நானோமீட்டரில் அளக்கவேண்டும் என்றால் குவார்ட்ஸ்தான் வேண்டும். ஒரு ஜோடி குவார்ட்ஸ் சில ஆயிரம் ரூபாய் ஆவதால் மாணவர் கையில் கொடுக்கத் தயங்குவோம். என் வழி இது: முதல் இரண்டு வாரம் கண்ணாடி குவெட்டில் பழக்கி, பிடிக்க வேண்டிய சொரசொரப்பான பக்கம் எது என்று கைக்குத் தெரிந்த பிறகு குவார்ட்ஸைக் கொடுப்பேன். இதுவரை ஒன்றும் உடையவில்லை.

அப்புறம் ஒரு லாக் புக். தேதி, பெயர், மாதிரி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஏதாவது கோளாறு. கருவியைத் தொடும் ஒவ்வொரு மாணவரும் எழுத வேண்டும். அடுத்த முறை நிதி கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆவணம் இதுதான்.

2. யுவியில் தொடங்குங்கள், இரும்புச்சத்து மாத்திரையோடு

நாற்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்க்க, லேப் அசிஸ்டென்ட் பட்டனை அழுத்தும் ‘டெமோ’வைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் யாரும் எதையும் கற்பதில்லை. ஒவ்வொருவரும் கரைசல் போட்டு, குவெட் துடைத்து, எண்ணைப் படிக்கும் சோதனை ஒன்று வேண்டும். செலவு குறைவு, பிழை செய்தாலும் ஆபத்து குறைவு, விடை முன்கூட்டியே தெரியும் என்ற மூன்று காரணத்துக்காக நான் இரும்புச்சத்து மாத்திரையைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளியில் வாரம் ஒரு மாத்திரை விழுங்கிய நினைவு பாதிப் பேருக்காவது இருக்கும். 60 மி.கி. இரும்பு என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஃப்யூம் ஹூடுக்குள் கால் மணி நேரம் சூடாக்கி, வடிகட்டி, 250 மி.லி.க்கு நிரப்புங்கள். இப்போது லிட்டருக்கு 240 மி.கி. இரும்பு. இதில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. குடுவையில் விட்டு, ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு, சோடியம் அசிட்டேட், 1,10-ஃபினாந்த்ரோலின் இதே வரிசையில் சேர்த்து நிரப்பினால் 2.4 பிபிஎம் (இங்கே லிட்டருக்கு 2.4 மி.கி.). பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரஞ்சுச் சிவப்பு முழுதாக ஏறிவிடும். 510 நானோமீட்டரில் அளந்தால் உறிஞ்சல் 0.48 பக்கத்தில் வர வேண்டும், ஏனென்றால் இரும்பும் ஃபினாந்த்ரோலினும் சேர்ந்த அந்த நிறச் சேர்மத்தின் மோலார் உறிஞ்சல் கெழு சுமார் 11,100. அதாவது 1 பிபிஎம் இரும்புக்கு ஏறக்குறைய 0.2. இந்த ஓர் எண்ணை மாணவர் மனதில் வைத்திருந்தால், தன் கரைசலில் பத்து மடங்கு பிழை வந்தால் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்.

திட்டக் கரைசலுக்கு (ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த கரைசல்) ஃபெரஸ் அமோனியம் சல்பேட் போதும். அது எல்லா லேபிலும் இருக்கிறது. 0.351 கிராமைச் சிறிது கந்தக அமிலம் கலந்த நீரில் கரைத்து 500 மி.லி. ஆக்கினால் 100 பிபிஎம். அதைப் பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து 5, 10, 15, 20 மி.லி. எடுத்து 50 மி.லி. குடுவைகளில் 1 முதல் 4 பிபிஎம் வரை போடலாம்.

இதில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: ஹைட்ராக்சிலமினை விட்டுவிட்டால் ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறாது, நிறம் தராமல் நின்றுவிடும், விடை குறைந்து வரும். அசிட்டேட்டை மறந்தால் அமிலம் அதிகமாகி நிறம் ஏறாது. மாத்திரையின் மேல்பூச்சுச் சாயம் குழப்புகிறதா என்று பார்க்க, ஃபினாந்த்ரோலின் மட்டும் சேர்க்காத ஒரு குடுவையையும் அளக்கச் சொல்லுங்கள். ஹைட்ராக்சிலமின் நச்சுத்தன்மை உள்ளது. கையுறை இல்லாமல் தொடவிட வேண்டாம்.

24 பேர் பேட்ச் என்றால் நான்கு பேராக ஆறு குழு. ஒரு குழுவுக்கு ஆறு கரைசல், மொத்தம் 36 அளவீடு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். மூன்று மணி நேர பிராக்டிகலுக்குள் அடங்கிவிடுகிறது.

3. ஐஆர்: பெல்லட் போடக் கற்றுக்கொடுப்பதே பாதி வேலை

உங்கள் கருவியில் ஏடிஆர் (பொடியை நேரடியாக அளக்கும் இணைப்பு) இருந்தால் பெல்லட் வேலையைத் தாண்டிவிடலாம். துளி பொடியை வைத்து அழுத்தி எடுத்துவிடலாம்.

பெல்லட், அதாவது மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து அழுத்திய சிறு வில்லை என்றால்: மாதிரி 1 முதல் 2 மி.கி., பொட்டாசியம் புரோமைடு 100 முதல் 200 மி.கி. மாணவர் எப்போதும் மாதிரியை அதிகம் போடுவார். சிகரங்கள் அடியைத் தொட்டுத் தட்டையாகிவிடும். பொட்டாசியம் புரோமைடை முந்தின நாளே 110 டிகிரி அவனில் வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிடுங்கள். அகேட் மார்ட்டரில் மாவு மாதிரி ஆகும்வரை அரைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பெல்லட் வெள்ளையாக மங்கிப்போவதும், 3400 செ.மீ⁻¹-க்குப் பக்கத்தில் (ஐஆர் எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்) அகலமாக ஒரு மேடு வருவதும் சகஜம். அதைப் பார்த்து ‘ஓஎச் தொகுதி இருக்கிறது’ என்று ரெக்கார்டில் எழுதும் மாணவர்களை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன். அது காற்றின் ஈரம். வெறும் பொட்டாசியம் புரோமைடுக்கு ஒரு பெல்லட் போட்டு எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அவர்களுக்கே புரிந்துவிடும். 2350 பக்கத்தில் வரும் சிகரமும் அப்படித்தான், அறைக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு. பேக்கிரவுண்டை மறுபடி எடுத்தால் போய்விடும்.

எந்தச் சேர்மம்? பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்பிரின் தயாரிப்பையே பயன்படுத்துங்கள். சாலிசிலிக் அமிலத்தில் கார்பனைல் 1660 பக்கத்தில் ஒன்றுதான். ஆஸ்பிரினில் 1750 பக்கத்தில் எஸ்டருக்கு ஒன்று, 1690 பக்கத்தில் அமிலத்துக்கு ஒன்று என இரண்டு. தான் செய்த வினை நடந்ததா இல்லையா என்பதை மாணவர் தன் கண்ணால் பார்க்கும் தருணம் அது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

4. வெளியே அனுப்ப வேண்டுமா? எங்கே?

என்எம்ஆர், மாஸ் (மூலக்கூறு எடை அறிய), எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பு அறிய) போன்றவற்றுக்கு வெளியேதான் போக வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும் ‘சைஃப்’ மையங்கள் வெளிக் கல்லூரி மாதிரிகளையும் எடுத்துக்கொள்ளும். நமக்கு அருகில் ஐஐடி மெட்ராஸில் ஒன்று, கொச்சியில் குசாட் பல்கலைக்கழக வளாகத்தில் ‘ஸ்டிக்’ என்ற மையம் ஒன்று. காரைக்குடி செக்ரி (மின்வேதியியல்), சென்னை சிஎல்ஆர்ஐ (தோல்) ஆகிய சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனங்களும் கட்டணத்துக்குச் செய்கின்றன. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் கருவி மையம் போலப் பெரிய கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மையங்கள் உள்ளன. எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று தேட, ‘ஐ-ஸ்டெம்’ என்ற தேசிய இணையதளம் இருக்கிறது. அதில் ஆசிரியர் பெயரில், கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். சொந்த ஜிமெயிலில் தொடங்கினால் கல்வி நிறுவனக் கட்டணம் கேட்கும்போது சிக்கல் வரலாம்.

அனுப்பும் முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கருவி இப்போது ஓடுகிறதா, வரிசையில் எத்தனை மாதிரி இருக்கிறது?’ இணையதளத்தில் பெயர் இருக்கும், கருவி ஆறு மாதமாகப் பழுதாகிக் கிடக்கும். அந்த ஒரு போன் எனக்கு இரண்டு முறை ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியது.

‘எல்லா அனாலிசிஸும் நாங்களே செய்து தருகிறோம், புராஜெக்ட் ரிப்போர்ட்டும் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். எந்தக் கருவியில், எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. யாருடைய மாதிரியின் ஸ்பெக்ட்ரமோ உங்கள் மாணவர் பெயரில் வரும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

5. ஆவணங்கள்

ஒரு கோப்பில் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத்தலைவர் அல்லது முதல்வர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம். எத்தனை மாதிரி, என்ன சோதனை, எந்த மாணவர்கள், கல்வி நோக்கத்துக்கு மட்டும் என்ற விவரம் இருக்க வேண்டும். கூடவே மாணவரின் போனஃபைடு சான்றிதழ், அடையாள அட்டை நகல். அந்தந்த மையத்தின் கோரிக்கைப் படிவம். அதில் மாதிரியின் வாய்பாடு, எதிர்பார்க்கும் அமைப்பு, மூலக்கூறு எடை, எந்தக் கரைப்பானில் கரையும், நச்சா, வெடிக்குமா, காற்றில் கெடுமா என்றெல்லாம் கேட்பார்கள். ‘தெரியாது’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. கல்லூரிக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். பில் யார் பெயரில் வர வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பில் மாணவர் பெயரில் வந்துவிட்டால் அலுவலகத்தில் பணம் திரும்பப் பெறுவது பெரும் பாடு.

6. செலவு

பெரும்பாலான மையங்களில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கட்டணம், தொழிற்சாலைகளுக்கு அதைவிடப் பல மடங்கு. ஐஆர், யுவி சில நூறு ரூபாயில் முடியும். என்எம்ஆர் அதைவிடக் கூடும், கார்பன் என்எம்ஆர் இன்னும் கூடும். அறிவிப்பில் போட்டிருக்கும் தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 500 ரூபாய் என்றால் கட்ட வேண்டியது 590. தொகை குறைந்து கட்டியிருந்தால் மாதிரி அப்படியே ஓரமாகக் கிடக்கும், யாரும் போன் செய்து சொல்லமாட்டார்கள். சில இடங்களில் எஸ்பிஐ கலெக்ட், சில இடங்களில் இன்னும் டிடி. டிடி என்றால் வங்கிக்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்கள்.

மாணவர்களிடம் வசூலிக்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் பஸ் பாஸில் வருபவர்கள். முப்பது பேரின் மாதிரியையும் அனுப்ப வேண்டியதில்லை. எல்லாரும் தயாரிக்கட்டும், எல்லாருடையதற்கும் உருகுநிலை, டிஎல்சி (மெல்லிய தகட்டில் கலப்பைப் பிரித்துப் பார்ப்பது), ஃபெரிக் குளோரைடு சோதனை இங்கேயே பார்ப்போம். மிகத் தூய்மையான ஒன்று, வேண்டுமென்றே மோசமான ஒன்று என இரண்டை மட்டும் என்எம்ஆருக்கு அனுப்புவோம். தரவு முப்பது பேருக்கும் போகும். மோசமான மாதிரியிலிருந்துதான் மாணவர்கள் அதிகம் கற்கிறார்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் உங்கள் கல்லூரிக்கு வந்திருந்தால், அது இளநிலை அறிவியல் துறைகளுக்கென்றே உள்ள நிதி என்பதால் இந்தக் கட்டணத்தை அதில் கேட்டுப் பாருங்கள்.

7. தேதி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாநிலத்தின் எம்.எஸ்சி., எம்.ஃபார்ம் மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மாதிரி அனுப்புவார்கள். என்எம்ஆர் வரிசை வாரக் கணக்கில் நீளும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை, இடையில் கருவிப் பராமரிப்பு. அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஏப்ரலில் வைவா என்றால் மார்ச் முதல் வாரம் தரவு கையில் இருக்க வேண்டும். அதற்கு மாதிரி ஜனவரி முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். அப்படியென்றால் தயாரிப்பு டிசம்பரில், வேதிப்பொருள் ஆர்டர் அக்டோபரில். ஐந்தாம் செமஸ்டரிலேயே தொடங்கினால்தான் ஆறாம் செமஸ்டரில் மூச்சு விடலாம்.

8. மாதிரியைத் தயார் செய்தல்

நான் கோட்டை விட்ட இடம் இது. மறுபடிகமாக்கிய ஆஸ்பிரினை வடிதாளிலிருந்து சுரண்டி நேராகக் குப்பியில் போடக் கூடாது. டெசிகேட்டரில், முடிந்தால் வேக்குவத்தில், குறைந்தது ஓர் இரவு வையுங்கள். அவனில் அதிகச் சூட்டில் வைத்தால் ஆஸ்பிரின் சிதையத் தொடங்கும். உருகுநிலை 135 டிகிரியை ஒட்டி, குறுகிய இடைவெளியில் வந்தால் மட்டுமே அனுப்புங்கள். கரைப்பான் மிச்சம் இருந்தால், என்எம்ஆர் எடுக்கும் கரைப்பானான டியூட்டரோ குளோரோஃபார்மில் எத்தில் அசிட்டேட் 1.26, 2.05, 4.12 பிபிஎம்மில் நிற்கும் (இந்தப் பிபிஎம் சிகரத்தின் இடம், செறிவு அல்ல). அசிட்டிக் அமிலம் 2.10-இல். ஆஸ்பிரினின் மெத்தில் 2.35 என்பதால் கவனிக்காவிட்டால் குழப்பும்.

புரோட்டான் என்எம்ஆருக்கு 5 முதல் 10 மி.கி. போதும், கார்பனுக்கு 30 மி.கி.யாவது கொடுங்கள். இரண்டு மடங்காக அனுப்பி, மிச்சத்தைக் கல்லூரியிலும் பெயரிட்டு வையுங்கள். திடப்பொருளாகவே அனுப்புங்கள், எரியும் கரைப்பான்களைக் கூரியரில் எடுக்கமாட்டார்கள். இறுக்கமாக மூடும் சின்னக் குப்பி, மூடியைச் சுற்றிப் பாராஃபில்ம். லேபிளில் பென்சிலால் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். மார்க்கர் எழுத்து ஒரு துளி அசிட்டோன் பட்டால் போய்விடும். ‘மாதிரி 1’ என்று எழுதாதீர்கள். அங்கே நூறு ‘மாதிரி 1’ இருக்கும். கல்லூரிச் சுருக்கம், வருடம், எண் என்று தனித்துத் தெரியும் குறியீடு வையுங்கள்.

முடிந்தால் இரண்டு மாணவர்களையாவது நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டால் சில மையங்கள் கருவி ஓடுவதைப் பார்க்க அனுமதிக்கும். ஐந்து மில்லிமீட்டர் குழாய் காந்தத்துக்குள் இறங்குவதை ஒரு முறை பார்த்தவர் அந்தப் பாடத்தைப் பிறகு வேறு மாதிரி படிக்கிறார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் அந்த அறைக்குப் போகக் கூடாது.

9. தரவை வாங்குதல்

படிவத்திலேயே எழுதுங்கள்: ‘மூலத் தரவும் வேண்டும்’. என்எம்ஆர் என்றால் எஃப்ஐடி (கருவி பதிவுசெய்த மூலச் சமிக்ஞை) உள்ள முழு ஃபோல்டர், ஐஆர், யுவி என்றால் சிஎஸ்வி அல்லது ஜேகேம்ப் கோப்பு. பின்னால் கேட்டால் அழித்திருப்பார்கள். என்எம்ஆர் தரவை அலசும் மென்பொருளான புரூக்கரின் டாப்ஸ்பின் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். கணினி வலுவாக இல்லையென்றால் என்எம்ஆரியம் பிரவுசரிலேயே ஓடும். ஒப்பிட ஜப்பானின் எஸ்டிபிஎஸ் தரவுத்தளமும் நிஸ்ட் வெப்புக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இலைச்சாற்றை அப்படியே ஜிசி-எம்எஸ்ஸுக்கு (ஆவியாக்கிப் பிரித்து எடை அளக்கும் கருவி) அனுப்பி, கருவியின் ஸ்பெக்ட்ரம் நூலகம் கொடுத்த முப்பது பெயர்களையும் ‘கண்டறியப்பட்ட சேர்மங்கள்’ என்று ஒட்டும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. நூலகம் சொல்வது ஒற்றுமையை மட்டும்தான். திட்டப் பொருளோடு ஒப்பிடாமல், தக்கவைப்பு நேரம் (பொருள் கருவியைக் கடந்து வெளிவர எடுக்கும் நேரம்) பார்க்காமல் அதை உறுதி என்று எழுத மாணவரை விடாதீர்கள். தவிர, ஆவியாகாத பொருளும் உப்புகளும் ஜிசி-எம்எஸ்ஸில் வரவே வராது.

தரவு வந்த அன்று விடைத்தாளைப் பகிராதீர்கள். முதலில் வெறும் கோப்பை மட்டும் கொடுத்து, மூன்று கேள்வி கேளுங்கள்: கரைப்பானின் சிகரம் எது (டியூட்டரோ குளோரோஃபார்ம் என்றால் 7.26), தண்ணீரின் சிகரம் எது, மிச்சத்தில் எது உன்னுடையது? ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வைவாவில் வெளித்தேர்வர் கேட்பதும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.